கூப்பிட்டா தான் வரும் பஸ்: கிராமத்து ஆன்-டிமாண்ட் பஸ் எப்படி வேலை செய்யுது

எங்க ஊரு அரியலூர் பக்கம், டவுன் பஸ் ஒரு நாளைக்கு நாலு ட்ரிப் வரும். அதுல மத்தியானம் ரெண்டரை மணி ட்ரிப்ப ஒரு நாள் கலெக்‌ஷன் இல்லன்னு எடுத்துட்டாங்க, ஊர்ல யாருக்கும் சொல்லல. எங்க அப்பாயி அன்னைக்கு சுகர் மாத்திரை வாங்க காலைல பஸ்ல ஆஸ்பத்திரி போச்சு, சீட்டு போட்டு, வரிசைல நின்னு மாத்திரை வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ரெண்டரை மணி பஸ்சுக்கு உக்காந்துச்சு, வீடு வந்து சேந்தது ராத்திரி எட்டரை மணி பஸ்ல. போறதுக்கு பஸ் இருந்துச்சு, திரும்பி வர்றதுக்கு இல்ல. கிராமத்து பஸ் பத்தி யாரு பேசுனாலும் எனக்கு மொதல்ல அந்த பெஞ்சும் அப்பாயி மடில இருந்த மாத்திரை கவரும் தான் ஞாபகம் வரும்.

இப்ப நான் இருக்கறது இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ங்கற கவுன்ட்டில, கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, ஹார்ன்காஸில்னு ஒரு சின்ன டவுன், அதுக்கு பக்கத்துல ஒரு கிராமம், கேர் ஹோம் வேலை. நம்ம ஊர் லைசென்ஸ வச்சு இங்க ஒரு வருஷம் தான் கார் ஓட்டலாம், அதுக்கு மேல ஓட்டணும்னா இந்த ஊர் டெஸ்ட் பாஸ் பண்ணணும். எனக்கு அந்த ஒரு வருஷம் முடிஞ்சப்ப டெஸ்ட் தேதி கெடைக்கல, கிராமத்துல இருந்து வெளிய போறதுக்கே வழி இல்லாம நின்னேன். அப்ப கூட வேலை பாக்கற ஒரு அக்கா தான் "கால்கனெக்ட்டுக்கு போன் பண்ணு, வண்டி வரும்"னாங்க. டாக்சியான்னு கேட்டேன். இல்ல பஸ்சுதான்னாங்க. கூப்பிட்டா பஸ் எப்படி வரும்னு எனக்கு புரியவே இல்ல. புரிஞ்சதுக்கு அப்புறம், இத என்னைய மாதிரி புதுசா கேக்கறவங்களுக்கு தமிழ்ல ஒருத்தர் உக்காந்து சொன்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு, அதனால எழுதறேன்.

சாதா பஸ்ல மூணு விஷயம் முன்னாடியே முடிவாகியிருக்கும், ரூட், ஸ்டாப்பிங், டைம். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வண்டி அந்த ரூட்ல ஓடியே ஆகணும். ஆன்-டிமாண்ட் பஸ்ல முன்னாடியே முடிவாகறது ஒரு ஏரியா, அதுல ஓடற வண்டிங்க, காலைல எத்தன மணில இருந்து சாயங்காலம் எத்தன மணி வரைக்கும்ங்கறது, அவ்வளவு தான். ரூட்டுங்கறது கெடையாது. அன்னைக்கு யாரெல்லாம் எங்க இருந்து எங்க போகணும்னு சொல்லியிருக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரி அன்னைக்கான ரூட் உருவாகும், நாளைக்கு வேற ரூட். யாருமே கூப்பிடாத கிராமத்துக்கு அன்னைக்கு வண்டி போகவே போகாது.

அப்ப டாக்சிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, டாக்சி உங்களுக்கு மட்டும், இது மத்தவங்களோட சேந்து போறது. வழில சுத்தி இன்னும் ரெண்டு பேர ஏத்திக்கிட்டு தான் போகும், அதனால தான் பஸ் டிக்கெட் மாதிரி காசுல போக முடியுது, மிச்ச செலவ கவுன்சில், அதாவது இந்த ஊர் உள்ளாட்சி நிர்வாகம், குடுக்குது. நம்ம ஊர் ஷேர் ஆட்டோவோட சேத்து நெனச்சா பாதி புரியும், ஆனா ஷேர் ஆட்டோ ஆள் சேந்தா தான் கெளம்பும், போற ரோடும் கிட்டத்தட்ட ஒரே ரோடு தான். இங்க அப்படியே தலைகீழ். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சொன்ன டைமுக்கு சொன்ன எடத்துக்கு வண்டி வந்தாகணும்.

லிங்கன்ஷயர்ல இது 2001ல இருந்தே ஓடுது, ஆப்பு, ஸ்மார்ட்போன் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. இந்த கவுன்ட்டி கிட்டத்தட்ட ஆறாயிரம் சதுர கிலோமீட்டர், பாதி கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சமதள வயக்காடு, முட்டைக்கோஸ், உருளைக்கெழங்கு, கோதுமை. இன்னொரு பக்கம் வோல்ட்ஸ்னு மெல்ல ஏறி எறங்கற குன்றுங்க, அந்த மடிப்புக்குள்ள நூறு வீடு, அம்பது வீடுன்னு கிராமங்க, நடுவுல ஒரு வண்டி மட்டும் போற அளவுக்கு ரோடு. இங்க ஒரு பெரிய பஸ்ஸ மணிக்கொரு தடவ விட்டா டிரைவர் மட்டும் தான் வந்து போவாரு. அது போக 1986ல இருந்து லண்டனுக்கு வெளிய பஸ் பெரும்பாலும் தனியார் கைக்கு போயிருச்சு, லாபம் வர்ற ரூட்ட கம்பெனிங்க ஓட்டும், லாபம் வராத ரூட் வேணும்னா கவுன்சில் காசு குடுத்து ஓட்ட சொல்லணும். கவுன்சில் கைல காசு கொறஞ்சா மொதல்ல அடி விழறது இந்த மாதிரி ரூட் மேல தான். ஆள் கம்மின்னு ஒரு ட்ரிப் எடுப்பாங்க, அந்த ட்ரிப்ப நம்பி இருந்தவங்க காலைல போற பஸ்சுலயும் ஏற மாட்டாங்க, ஏன்னா திரும்பி வர வழி இல்ல, அப்ப காலைல ட்ரிப்லயும் ஆள் கொறையும், அதையும் எடுப்பாங்க. எங்க அப்பாயி கூட அதுக்கப்புறம் அந்த காலை பஸ்ல ஏறல, மாத்திரைய வேற யாராச்சும் டவுனுக்கு போனா வாங்கியார சொல்லிரும்.

சரி, கூப்பிட்டா என்ன நடக்குது

மொதல் தடவ பேர் பதிஞ்சுக்கணும், அதுக்கு காசு இல்ல. அப்புறம் போன்லயோ ஆப்லயோ புக் பண்ணலாம். நான் மொதல் தடவ போன் பண்ணப்ப அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கு புதுசா இருந்துச்சு. எத்தன மணிக்கு கெளம்பணும்னு கேக்கல, அங்க எத்தன மணிக்கு இருக்கணும்னு கேட்டாங்க. அப்புறம் உடனே, திரும்பி எப்ப வரணும்னு கேட்டாங்க. போறதையும் வர்றதையும் சேத்தே எழுதிக்கிட்டாங்க. இந்த ரெண்டாவது கேள்வி தான் இந்த மொத்த ஏற்பாட்டுலயே எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

மறுநாள் கிராமத்து சர்ச் வாசல்ல பெஞ்சு கிட்ட நின்னேன், மழை தூறல், ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மனசுக்குள்ள வராதுன்னே தான் இருந்துச்சு. சொன்ன டைமுக்கு வெள்ள மினி பஸ் ஒண்ணு வேலி ஓரமா திரும்பி வந்து நின்னுச்சு, டிரைவர் முன்னாடி இருந்த டேப்லட்ட பாத்து என் பேர சொன்னாரு, தப்பா தான் சொன்னாரு, ஆனா சொன்னாரு. உள்ள ரெண்டு வயசானவங்க. அப்புறம் வண்டி மெயின் ரோட்டுக்கு போகாம ஒரு சந்துக்குள்ள திரும்பி ஒரு பண்ண வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு, அங்க ஒரு பாட்டி சக்கரம் வச்ச பைய இழுத்துக்கிட்டு வந்தாங்க, டிரைவர் எறங்கி பைய தூக்கி உள்ள வச்சு, அவங்க உக்காந்து பெல்ட் போட்டதுக்கு அப்புறம் தான் வண்டிய எடுத்தாரு. பொதுவா ஒவ்வொரு கிராமத்துலயும் ஏறதுக்குன்னு ஒரு எடம் வச்சிருப்பாங்க, நடக்க முடியாதவங்களுக்கும் ரொம்ப தள்ளி தனியா இருக்கற வீட்டுக்கும் தான் வாசலுக்கே வண்டி போகும். வீல்சேர் ஏத்தறதுக்கும் வசதி இருக்கு.

இப்ப உள்ள இருக்கற கணக்க பாப்போம், இது தான் எனக்கு புடிச்ச பகுதி. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். டெட்ஃபர்ட் கிராமத்துல ஒரு அம்மா, காலைல 9:45க்கு ஹார்ன்காஸில்ல டாக்டர பாக்கணும். நேரா போனா கால் மணி நேர தூரம், அப்ப 9:20க்கு வண்டி போனா போதும். இப்ப பக்கத்துல ரெண்டு கிலோமீட்டர் தள்ளி சால்மன்பில இருந்து ஒரு பெரியவர் கூப்பிடறாரு, அவருக்கும் பத்து மணிக்குள்ள டவுன்ல இருக்கணும். கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா, ஏற்கனவே போட்டு வச்சிருக்கற பயணத்துல இவர எங்கெங்க சொருகலாம்னு ஒவ்வொரு எடமா வச்சு பாக்கும். அந்த அம்மாவுக்கு முன்னாடி ஏத்தலாமா, அப்புறம் ஏத்தலாமா. முன்னாடி ஏத்துனா அஞ்சு நிமிஷம் தான் கூட ஆகுது, சரி. அப்புறம் மூணாவதா பெல்ச்ஃபோர்ட்ல இருந்து ஒரு பொண்ணு, ஹார்ன்காஸில் போய் அங்க இருந்து லிங்கன் சிட்டிக்கு போற பெரிய பஸ்ஸ புடிக்கணும். பெல்ச்ஃபோர்ட் வேற ரோடு, ஆனா டெட்ஃபர்ட்ல இருந்து அந்த பக்கமா சுத்தியும் டவுனுக்கு போகலாம். அப்ப சால்மன்பி, டெட்ஃபர்ட், பெல்ச்ஃபோர்ட், ஹார்ன்காஸில்னு வரிசை ஆகுது, டெட்ஃபர்ட் அம்மாவ 9:20க்கு பதிலா 9:10க்கு ஏத்தணும், கால் மணி நேர பயணம் அரை மணி நேரம் ஆயிரும், ஆனா டாக்டர் டைமுக்கு பங்கம் இல்ல. யாருக்கு குடுத்த வாக்கும் மாறக்கூடாது, யாரையும் ரொம்ப நேரம் வண்டில வச்சு சுத்தக்கூடாது, சீட் எண்ணிக்கைய தாண்டக்கூடாது, இந்த மூணும் ஒத்து வந்தா தான் புது ஆள சேக்கும்.

நாலாவதா லவுத் பக்கம், இருபது கிலோமீட்டர் வடக்க இருந்து ஒருத்தர் அதே 9:45க்கு கேட்டா முடியாது, எந்த வரிசைல போட்டாலும் யாரோ ஒருத்தருக்கு லேட் ஆகும். அப்ப "பத்தே முக்காலுக்கு வர்றீங்களா"ன்னு கேப்பாங்க. அவருக்கு சரின்னா ஆச்சு. இப்படி ரெண்டு பக்கமும் கொஞ்சம் நகந்து குடுக்கறதுல தான் ஒரே வண்டி நாப்பது கிராமத்துக்கு ஓடுது. நம்மளுக்கு நாலு பேர்னா மனசுலயே போட்டு பாத்துரலாம், மூணு வண்டி முப்பது பேர்னு வந்தா சேர்மானம் கோடி கோடியையும் தாண்டி போகும், கம்ப்யூட்டரால கூட எல்லாத்தையும் பாத்து இது தான் ஆகச்சிறந்ததுன்னு சொல்ல முடியாது, ஓரளவுக்கு நல்லதா ஒண்ண கண்டுபுடிச்சு குடுக்கும்.

இதுல ரகமும் நெறய இருக்கு. ஜெர்மனி கிராமங்கள்ல ரூஃப்புஸ்னு ஒண்ணு, அதுல டைம் டேபிள் இருக்கும், ஸ்டாப்பிங் இருக்கும், ஆனா யாராச்சும் முன்கூட்டியே கூப்பிட்டா தான் அந்த ட்ரிப் ஓடும், இல்லன்னா வண்டி கெளம்பவே கெளம்பாது. சில எடத்துல சாதா ரூட் பஸ்சே கூப்பிட்டா மட்டும் பக்கத்து கிராமத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி ரூட்டுக்கு வந்துரும். இன்னொன்னு, கிராமத்துல இருந்து மெயின் ரோட்டு பஸ் வரைக்கும் மட்டும் கொண்டு போய் விடறது. என்னைய கேட்டா இந்த கடைசி ரகம் தான் ரொம்ப உருப்படியானது, ஏன்னா சின்ன வண்டி நீளமான தூரம் போய் மாட்டிக்காது, பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும், நெறய பேருக்கு கெடைக்கும். ஒரே நிபந்தனை, பெரிய பஸ் லேட்டானா சின்ன வண்டி நின்னு கூட்டிட்டு போகணும்.

இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. 1972லயே இங்கிலாந்துல ஆபிங்டன் டவுன்ல போன் பண்ணா வர்ற பஸ் ஓட்டி பாத்தாங்க, அதே வருஷம் அமெரிக்கால நியூ ஜெர்சி ஹாடன்ஃபீல்ட்லயும் ஆரம்பிச்சாங்க. 1974 நவம்பர்ல கலிஃபோர்னியா சான்டா கிளாரா கவுன்ட்டில பெருசா ஆரம்பிச்சாங்க, கூப்பிடறவங்க கூட்டத்துல போன் லைன் தாங்கல, ஜனங்க லைன் கெடைக்காம கெடந்தாங்க, அது போக டாக்சி கம்பெனிங்க கோர்ட்டுக்கு போயிட்டாங்க, 1975 மே மாசம் மூடிட்டாங்க. அன்னைக்கு இல்லாதது இன்னைக்கு இருக்கு, வண்டி எங்க நிக்குதுன்னு ஜிபிஎஸ் சொல்லுது, கணக்க கம்ப்யூட்டர் நொடில போடுது. ஆனா அன்னைக்கு வந்த அடிப்படை பிரச்சன இன்னைக்கும் அப்படியே இருக்கு, அது காசு.

காசு எங்க இடிக்குது

இத பொறுமையா சொல்றேன், ஏன்னா இந்த எடத்துல தான் அரசாங்கங்களும் தப்பு கணக்கு போடுது. சாதா பஸ்ல ரூட் ஓடிக்கிட்டே தான் இருக்கு, அதுல இன்னொரு ஆள் ஏறினா செலவு ஏறாது, டிக்கெட் காசு மட்டும் ஏறும். பத்து பேர் ஏறுன எடத்துல நாப்பது பேர் ஏறினா ஒரு ஆளுக்கான செலவு கால்வாசி. ஆன்-டிமாண்ட்ல புதுசா ஒருத்தர் ஏறணும்னா வண்டி அவர தேடி போகணும், டீசலும் டிரைவர் நேரமும் கூடுது. கிராமத்துல இந்த மாதிரி வண்டி ஒரு மணி நேரத்துக்கு பொதுவா ரெண்டுல இருந்து அஞ்சு பேர தான் ஏத்தி எறக்க முடியும், சாஃப்ட்வேர் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ரோட்டோட தூரம் கொறையாது. அப்ப ஜனங்களுக்கு புடிச்சுப்போய் நெறய பேர் வர ஆரம்பிச்சா, இன்னொரு வண்டி வாங்கணும், இன்னொரு டிரைவர போடணும்.

கனடால ஒன்டாரியோ மாநிலத்துல இன்னிஸ்ஃபில்னு ஒரு ஊரு, அப்ப முப்பத்தாறாயிரம் பேர் பரந்து கெடந்த ஊரு. 2017ல பஸ் ரூட் போடறதுக்கு பதிலா ஊபர் டாக்சிக்கு நகராட்சி மானியம் குடுக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, ஜனங்க மூணுல இருந்து அஞ்சு டாலருக்கு போகலாம். ஜனங்க நல்லா பயன்படுத்துனாங்க, அதனாலயே செலவு ஏறிக்கிட்டே போச்சு, 2019ல கட்டணத்த ஏத்தி, ஒரு ஆளுக்கு மாசத்துக்கு 30 ட்ரிப் தான்னு வரம்பு போட வேண்டியதாயிருச்சு. ஜாஸ்தி பேர் ஏறுனதுக்காக ஒரு பஸ் ரூட்ல "இனிமே நீங்க கம்மியா ஏறுங்க"ன்னு சொல்லி கேள்விப்பட்டிருக்கோமா. அதனால "ஆன்-டிமாண்ட் போட்டா செலவு மிச்சம்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. காலி பஸ் மூணு ஓடற எடத்துல இது ஒண்ணு ஓடுனா மிச்சம், அவ்வளவு தான். இது செலவு பண்ணி செய்ய வேண்டிய வேலை, நூலகம் மாதிரி, கிராமத்து சப்-சென்டர் மாதிரி.

அந்த செலவ ஏத்துக்க ஒருத்தர் இல்லன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு வேல்ஸ்ல புக்காபஸ்னு (Bwcabus) இருந்த கூப்பிட்டா வர்ற பஸ் ஒரு உதாரணம். 2009ல கார்மார்த்தன்ஷயர், கெரடிகியன் பகுதி கிராமங்களுக்காக ஆரம்பிச்சது, பதினாலு வருஷம் ஓடுச்சு. ஐரோப்பிய யூனியன்ல இருந்து வந்துக்கிட்டிருந்த நிதி நின்னதும் அதுக்கு பதிலா போட காசு இல்லன்னு 2023 அக்டோபர் கடைசியோட நிறுத்திட்டாங்க. பதினாலு வருஷம்னா அத நம்பி காரே வாங்காம இருந்தவங்க இருப்பாங்க, கண் பார்வ கொறஞ்சு காரை வித்தவங்க இருப்பாங்க. இங்கிலாந்துல 2021ல கிராமத்து ஆன்-டிமாண்ட் பஸ்சுக்குன்னே 2 கோடி பவுண்ட் ஒதுக்கி 17 திட்டத்துக்கு குடுத்தாங்க, நல்ல விஷயம் தான், ஆனா அதுவும் இத்தன வருஷத்துக்கு மட்டும்னு கணக்கு போட்ட காசு. ஒரு வண்டி மூணு வருஷம் தான் ஓடும்னு தெரிஞ்சா யாரும் அத நம்பி ஒரு வேலைல சேர மாட்டாங்க.

இன்னொன்னு, கண்ணுக்கு தெரியாத பிரச்சன. நம்ம ஊர் பஸ்ல எடம் இல்லன்னா புட்போர்டுல தொங்குவோம், ஊருக்கே தெரியும் பஸ் பத்தலன்னு, பேப்பர்ல போட்டோ வரும். ஆன்-டிமாண்ட்ல எடம் இல்லன்னா போன்ல "சாரி, அந்த டைம் ஃபுல்"னு சொல்லிருவாங்க, அவ்வளவு தான், அந்த ஆள் வீட்டுலயே இருந்துருவாரு, மாசக்கடைசில எத்தன பேர் ஏறுனாங்கங்கற கணக்குல அவரு இருக்க மாட்டாரு. அதனால உங்க ஊர்ல இப்படி ஒண்ணு வந்தா எத்தன பேர் ஏறுனாங்கன்னு கேக்கறதோட நிக்காதீங்க, கேட்டு கெடைக்காம போனவங்க எத்தன பேர்னு கேளுங்க. பள்ளிக்கூட நேரத்துல பல எடத்துல இதே வண்டிங்கள புள்ளைங்கள ஏத்த அனுப்பிருவாங்க, அப்ப காலைல ஏழரைல இருந்து ஒம்பது வரைக்கும் வேலைக்கு போறவங்களுக்கு வண்டி கெடைக்கறது கஷ்டம். என் ஷிஃப்ட் பாதி நாள் ஞாயித்துக்கெழம, அன்னைக்கு இங்க சர்வீஸ் இல்ல, அந்த நாளைக்கு நான் கூட வேலை பாக்கறவங்க கார்ல தான் போறேன்.

ஆப் மட்டும் வச்சு நடத்தறது எனக்கு சுத்தமா ஒப்பாத விஷயம். இந்த வண்டிய யாரு ஜாஸ்தி நம்பியிருக்காங்க, எழுபது எம்பது வயசு ஆளுங்க, பல வீட்டுல சிக்னலே கெடையாது. லிங்கன்ஷயர்லயும் சரி, வேல்ஸ்ல 2020ல ஆரம்பிச்ச ஃப்ளெக்சிலயும் சரி, போன்லயும் புக் பண்ணலாம், அத எடுத்துட்டா பாதி பேர வண்டில இருந்து எறக்கி விட்ட மாதிரி.

தமிழ்நாட்டுக்கு இது வேணுமான்னு ஊர்ல இருந்து என் தம்பி கேட்டான். நம்ம கிராமங்க நெருக்கமா இருக்கு, ஒரு ரூட்ல போனா ஏழெட்டு ஊரு, ஒவ்வொரு ஊர்லயும் ஆயிரம் பேரு, அங்க டைமுக்கு ஓடற டவுன் பஸ்சும் மினி பஸ்சும் தான் சரி. 1997ல மினி பஸ் வந்தப்ப எத்தன ஊருக்கு மொத தடவையா பஸ் வந்துச்சு, அதுக்கு யாரும் போன் பண்ணி புக் பண்ண வேண்டியிருக்கல. ரோட்டுல போய் நின்னா வரும்ங்கறது பெரிய சுகம், அத ஆள் இருக்கற எடத்துல விட்டுக்குடுக்க கூடாது. ஆனா மலைல அங்க பத்து வீடு இங்க இருபது வீடுன்னு இருக்கற ஊர்களுக்கு, அப்புறம் ராத்திரி நேர கடைசி ட்ரிப்புக்கு, மத்தியானம் ரெண்டரை மணி மாதிரி ஆள் கொறஞ்ச ட்ரிப்புக்கு, இத யோசிக்கலாம்னு தான் எனக்கு படுது. ட்ரிப்ப மொத்தமா எடுக்கறதுக்கு பதிலா, ஆஸ்பத்திரில இருந்து ஒரு போன் பண்ணா ஒரு வேன் வந்து நாலு பேர ஊருக்கு கொண்டு போய் விடும்னா அது போதும்.

இந்த நாட்டுல கிராமத்து பக்கம் வேலைக்கு புதுசா வந்திருக்கற நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு வார்த்த. கவுன்சில் வெப்சைட்ல உங்க ஏரியாவுக்கு இப்படி ஒண்ணு இருக்கான்னு வந்த மொத வாரமே பாருங்க, பேர பதிஞ்சு வச்சுக்கோங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கெடைச்ச அன்னைக்கே புக் பண்ணுங்க, போறத மட்டும் புக் பண்ணிட்டு வச்சுராதீங்க, வர்றதையும் அதே போன்ல சொல்லிருங்க, டாக்டர் கிட்ட லேட் ஆகும்னு ஒரு அரை மணி நேரம் சேத்தே சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடியே வெளிய நில்லுங்க, வண்டி உங்களுக்காக காத்திருந்தா அடுத்த கிராமத்துல நிக்கறவங்களுக்கு லேட். போகலன்னா மொத நாளே கூப்பிட்டு கேன்சல் பண்ணிருங்க, ஃபுல்னு சொல்லி திருப்பி விட்ட யாருக்காவது அந்த சீட் போய் சேரும்.